ஜோர்க்கி-4 ரேஞ்ச்ஃபைண்டர்: எந்த ஸ்க்ரூவை முதலில் திருப்புவது?

கேள்வி, 2 மார்ச் 2024

ஜோர்க்கி-4 என்ற பழைய சோவியத் பிலிம் கேமராவும் ஜூப்பிட்டர்-8 லென்ஸும் கைக்கு வந்திருக்கின்றன. ரேஞ்ச்ஃபைண்டரில் (இரண்டு பிம்பங்களை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்யும் அமைப்பில்) தூரத்தைப் பார்த்தால் இரண்டு பிம்பமும் பக்கவாட்டில் ஒன்றாகச் சேர்கின்றன. மேல் கீழாக மட்டும் கொஞ்சம் விலகல். ஆனால் எஃப் 2-வில், அதாவது லென்ஸை முழுதாகத் திறந்து, முகம் எடுத்தால் கண் மங்கலாகவும் காது கூர்மையாகவும் வருகிறது. முன்பக்கம் உள்ள சின்ன ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே இருப்பதைத் திருப்பினால் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். திருப்பலாமா சார்?

2 மார்ச், இரவு 9.40

திருப்ப வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உங்கள் கேமராவில் சரியாக இருப்பதே அந்த ஸ்க்ரூதான்.

இந்த வகைக் கேமராவில் இரண்டு தனிக் கணக்குகள் ஓடுகின்றன. ஒன்று லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவில். மவுன்ட்டின் (கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையத்தின்) முகத்திலிருந்து பிலிம் வரை 28.8 மி.மீ. இருக்க வேண்டும். லென்ஸ் இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவுக்கான கடைசிக் குறியில்) முட்டி நிற்கும்போது தூரத்துப் பொருள் அந்தத் தளத்தில் கூர்மையாக விழ வேண்டும். மற்றொன்று லென்ஸுக்கும் ரேஞ்ச்ஃபைண்டருக்கும் நடுவில். லென்ஸின் பின்புற வளையம் கேமராவின் உள்ளே இருக்கும் ஒரு கையை (நெம்புகோலை) தள்ளுகிறது. கை நகர்ந்தால், வ்யூஃபைண்டரின் நடுவில் உள்ள சின்னப் பேட்ச்சில் தெரியும் இரண்டாவது பிம்பம் நகர்கிறது. அவ்வளவுதான். பிலிம் எங்கே இருக்கிறது என்பது ரேஞ்ச்ஃபைண்டருக்குத் தெரியாது. லென்ஸ் பிலிமோடு ஒத்துப்போகாதபோது ரேஞ்ச்ஃபைண்டரைத் திருப்பினால், ஒழுங்காக இருக்கும் ஒன்றையும் சேர்த்துக் கெடுத்ததாகிவிடும்.

முதல் கணக்கை முதலில் பாருங்கள். ஜோர்க்கி-4-க்குப் பின்கதவு முழுதாகக் கழன்று வரும். இது பெரிய வசதி. பிலிம் ஓடும் இடத்தில் சொரசொரப்பாகத் தேய்த்த கண்ணாடித் துண்டு ஒன்றை, தேய்த்த பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி வையுங்கள். முதலில் ஷட்டரை ஏற்றுங்கள், அப்புறம் 'பி'-க்கு (அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலைக்கு) திருப்புங்கள். ஏற்றாமல் வேகத்தை மாற்றினால் ஜோர்க்கியின் உள்ளே சேதமாகலாம். பூட்டும் வசதியுள்ள கேபிள் ரிலீஸால் ஷட்டரைத் திறந்து வைத்து, எஃப் 2-வில், இன்ஃபினிட்டியில், தூரத்துப் பொருளை லூப் (உருப்பெருக்கி) வழியாகப் பாருங்கள். கூர்மையாக இருக்கிறதா? இல்லையென்றால் வளையத்தை எந்தக் குறி வரை திருப்பும்போது கூர்மையாகிறது? அந்த எண்ணை எழுதுங்கள்.

3 மார்ச், காலை

நேற்று எழுதியதில் சேர்க்க வேண்டியது: கண்ணாடி உள் தண்டவாளத்தில் உட்கார வேண்டும். பிலிம் கேட்டுக்கு (பிலிமில் ஒளி விழும் செவ்வகத் திறப்புக்கு) மேலும் கீழும் இரண்டிரண்டு தண்டவாளங்கள் இருக்கின்றன. வெளியில் இருப்பவை சற்று உயரம். பின்கதவின் அழுத்தத் தகடு அவற்றின் மேல் அமர்கிறது. பிலிம் படுப்பது தாழ்ந்திருக்கும் உள் ஜோடியின் மேல். 35 மி.மீ.-க்குக் குறைவான அகலத்தில் கண்ணாடியை வெட்டினால்தான் உள்ளே இறங்கும். அகலமான கண்ணாடி வெளித் தண்டவாளத்தில் நின்றுகொண்டு பொய் சொல்லும்.

கண்ணாடிக் கடையில் துண்டு வெட்டி வாங்கி, மெக்கானிக்குகள் வால்வு தேய்க்கப் பயன்படுத்தும் கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, இன்னொரு கண்ணாடியின் மேல் வட்டமாகத் தேய்த்தால் நல்ல தளம் கிடைக்கும். நுண்ணிய பேஸ்ட்டாகக் கேளுங்கள். கரடு பேஸ்ட்டில் தேய்த்தால் பிம்பம் மணல் மணலாகத் தெரியும்.

சூரியனை நோக்கி லென்ஸைப் பிடிக்காதீர்கள். ஷட்டர் துணி. மூடிய ஷட்டரில் இன்ஃபினிட்டியில் வெயில் நேராக விழுந்தால் ஊசித்துளை எரிந்துவிடும்.

3 மார்ச், மாலை

பால் நிற டேப்பை ஒட்டிப் பார்த்தால் போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் தொடக்கத்தில் டேப்தான் ஒட்டினேன். கேட்டின் நடுவில் அது லேசாகத் தொய்கிறது, அல்லது இழுத்து ஒட்டியதால் வளைகிறது. நாம் தேடும் வித்தியாசம் மி.மீ.-இல் பத்தில் ஒரு பங்கு. அதே அளவுக்குத் தளம் ஆடினால் எதை நம்புவது? கடையில் பெட்டியைத் திறந்து பார்க்கும் அவசரத்துக்கு டேப் சரி. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய வளையம்) வெட்டும் முடிவை அதை வைத்து எடுக்கக்கூடாது.

9 மார்ச்

கேள்வி கேட்டவரின் அளவு வந்திருக்கிறது: "இன்ஃபினிட்டியில் கண்ணாடி மங்கல். 20 மீட்டர் குறிக்குக் கொண்டுவந்தால் கூர்மை. ஆனால் ரேஞ்ச்ஃபைண்டர் இன்ஃபினிட்டியில்தான் சேர்கிறது, 20-இல் விலகிவிடுகிறது."

அருமையான அளவு. குற்றவாளி லென்ஸுக்குள் இருக்கிறது.

லென்ஸை 20 மீட்டர் குறிக்குத் திருப்புவது என்றால் வெளியே நீட்டுவது. வெளியே நீட்டினால்தான் தூரம் கூர்மையாகிறது என்றால், கண்ணாடிகள் பிலிமுக்கு அருகில் போய் உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள். எவ்வளவு அருகில்? லென்ஸின் குவியத் தூரம் 52.4 மி.மீ. 52.4-ஐ 52.4-ஆல் பெருக்கி, 20 மீட்டரை மி.மீ.-இல் எழுதினால் வரும் 20,000-ஆல் வகுங்கள். சுமார் 0.14 மி.மீ. பின்புற வளையம் சரியான இடத்தில் நிற்பதால்தான் ரேஞ்ச்ஃபைண்டர் ஒத்துப்போகிறது. கண்ணாடித் தொகுதி மட்டும் உள்ளே இறங்கிவிட்டது.

ஜூப்பிட்டர்-8-இல் கண்ணாடிகளும் டயஃப்ரமும் ஒரே தொகுதியாக ஃபோகஸ் குழலிலிருந்து கழன்று வரும். அதன் தோளுக்கும் குழலுக்கும் நடுவில் மெல்லிய ஷிம் வளையம் இருக்கும். பூஞ்சை துடைக்கக் கழற்றியவர்கள் மாட்டும்போது அந்த வளையத்தை விட்டுவிடுவது சர்வ சாதாரணம். மேசைத் துணியில் ஒட்டிக்கொண்டு அது குப்பைக்குப் போயிருக்கும்.

காது விஷயமும் இதில் ஒத்துவருகிறது. ஒன்றரை மீட்டரில் முகம் எடுக்கும்போது 0.14 மி.மீ. குறைந்தால் ஃபோகஸ் கிட்டத்தட்ட 10 செ.மீ. பின்னால் போகும். கண்ணிலிருந்து காது ஏறக்குறைய அந்தத் தூரம்தான்.

10 மார்ச்

மூன்று நிலைமைகளையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். அடிக்கடி கேட்கிறார்கள், ஒவ்வொரு முறையும் குழம்புகிறது.

கண்ணாடியில் இன்ஃபினிட்டி கூர்மை, ரேஞ்ச்ஃபைண்டர் மட்டும் சேரவில்லை. ரேஞ்ச்ஃபைண்டர்தான் விலகியிருக்கிறது. அந்தச் சின்ன ஸ்க்ரூவைத் திருப்பலாம்.

கண்ணாடியில் மங்கல், ரேஞ்ச்ஃபைண்டர் சேர்கிறது. லென்ஸின் உள் ஷிம். நம் நண்பரின் கதை.

கண்ணாடியிலும் மங்கல், ரேஞ்ச்ஃபைண்டரும் சேரவில்லை, ஆனால் வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் இரண்டும் ஒரே குறியில் சரியாகின்றன. இது கேமராவின் மவுன்ட்டுக்கு அடியில் உள்ள ஷிம் போனதன் அடையாளம். லென்ஸ் மொத்தமாக உள்ளே இறங்கியிருக்கிறது. வளையமும் அதே அளவு இறங்கிக் கையைக் கூடுதலாகத் தள்ளுகிறது. இந்த நிலையில் கிட்டத்துப் படங்கள் ஒழுங்காகவே வரும், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே நகர்ந்திருக்கின்றன. அதனால்தான் இந்தக் கோளாறு பல வருடம் கவனத்துக்கு வராமல் போகிறது. யாரோ ஒருநாள் மொட்டைமாடியில் நின்று தூரத்தைப் பார்த்துவிட்டு, "ரேஞ்ச்ஃபைண்டர் போய்விட்டது" என்று ஸ்க்ரூவைத் திருப்பும்போது உண்மையான கோளாறு தொடங்குகிறது.

12 மார்ச்

"ஷிம் எல்லாம் எதற்கு? ரேஞ்ச்ஃபைண்டரையே அந்த 0.14-க்கு ஏற்றபடி தள்ளி வைத்தால் படம் சரியாக வருமே" என்று ஒரு வாதம் வந்திருக்கிறது. உடனே மறுக்க நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு லென்ஸுக்கு வேலை செய்யும். குறைவு எல்லாத் தூரத்திலும் ஒரே அளவு என்பதால், கையையும் அதே அளவு விலக்கி வைத்தால் கிட்டத்திலும் தூரத்திலும் ஒத்துவரும்.

ஆனால் நான் அப்படிச் செய்யமாட்டேன். லென்ஸின் தூர அளவுகோல் பொய்யாகிவிடும். தெருவில் எஃப் 8 வைத்து, 3 மீட்டர் குறியில் நிறுத்தி, பார்க்காமல் எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த அளவுகோல்தான் கண். அதோடு, நாளை ஒரு இண்டஸ்டார்-61 லென்ஸ் வாங்கி மாட்டினால் அது முன்னால் ஃபோகஸ் ஆகும். அதன் மேல் சந்தேகப்பட்டு அதையும் பிரிப்பீர்கள். ஒரு லென்ஸின் நோயைக் கேமராவுக்கு ஏற்றினால், அந்தக் கேமராவில் மாட்டும் ஒவ்வொரு நல்ல லென்ஸும் நோயாளியாகத் தெரியும்.

17 மார்ச்

ஷிம் எதில் வெட்டுவது? பழைய ஓ.எச்.பி. ஷீட் பெரும்பாலும் 0.1 மி.மீ. இருக்கும். பட்டர் பேப்பர் அதில் பாதிக்கும் குறைவு. இரண்டையும் மைக்ரோமீட்டரில் அளந்து சேருங்கள். மைக்ரோமீட்டர் இல்லையென்றால் லேத் பட்டறையில் கேளுங்கள், அரை நிமிட வேலை. வட்டம் வெட்டும்போது உள்விளிம்பில் பிசிறு நிற்கக்கூடாது, பிசிறு இருந்தால் தொகுதி சாய்ந்து உட்காரும். முழு வளையமாக வெட்டுங்கள். மூன்று இடத்தில் துண்டு வைப்பது வேண்டாம். நிரந்தரமாக வேண்டுமென்றால் பித்தளை ஷிம் தகடு வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதலில் பிளாஸ்டிக்கில் வைத்துச் சோதித்து, அளவு உறுதியான பிறகு பித்தளைக்கு மாறுவேன்.

தொகுதியைப் பிடித்து நிறுத்தும் சின்ன ஸ்க்ரூக்கள் பழைய பள்ளத்தில் உட்காராமல் போகலாம். வலுக்கட்டாயமாக இறுக்காதீர்கள். அப்பர்ச்சர் குறி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு மெதுவாக.

23 மார்ச்

நண்பரிடமிருந்து செய்தி: இன்ஃபினிட்டியில் கண்ணாடி இப்போது கூர்மை. ரேஞ்ச்ஃபைண்டரும் அதே இடத்தில் சேர்கிறது, ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. சந்தோஷம்!

இனி அந்த மேல் கீழ் விலகல். முன்னால் தெரியும் சிறிய வட்ட ஜன்னலைச் சுற்றியுள்ள அலங்கார வளையத்தைக் கழற்றுங்கள். ரப்பர் துண்டை அழுத்தித் திருப்பினாலே பெரும்பாலும் வரும், இடுக்கி வேண்டாம். உள்ளே ஒரு கண்ணாடி இன்னொரு வளையத்தில் இருக்கும். அது தட்டையான கண்ணாடி இல்லை, ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும் ஆப்பு. திருப்பினால் பிம்பம் நகரும்.

இங்கே பலர் தடுமாறும் இடம்: ஆப்பைச் சுழற்றும்போது பிம்பம் நேராக மேலே போவதில்லை, ஒரு சிறு வட்டத்தில் சுற்றுகிறது. உயரம் சரியாகும்போது பக்கவாட்டில் விலகியிருக்கும். பதற வேண்டாம். அதற்குத்தான் அந்தப் பிரபலமான ஸ்க்ரூ. முதலில் ஆப்பால் உயரத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு வ்யூஃபைண்டர் ஜன்னலுக்கும் சின்ன ஜன்னலுக்கும் நடுவில் உள்ள மூடி ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே இருப்பதை மெல்லிய திருப்புளியால் துளித்துளியாகத் திருப்பிப் பக்கவாட்டைச் சேருங்கள். மறுபடி உயரத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று முறை மாறிமாறிச் செய்ய நேரும்.

24 மார்ச்

இன்ஃபினிட்டிக்கு எதைப் பார்ப்பது என்று கேட்டால் "ரொம்ப தூரம்" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறோம். எவ்வளவு தூரம்?

ஜோர்க்கி-4-இன் இரண்டு ஜன்னல்களுக்கும் இடையே 38 மி.மீ. வ்யூஃபைண்டர் பொருளைச் சிறிதாக்காமல் அப்படியே காட்டுகிறது. 100 மீட்டரில் உள்ள ஒரு கம்பத்தை வைத்துச் சரிசெய்தால், உண்மையான இன்ஃபினிட்டிக்கும் அதற்கும் உள்ள கோணம் சுமார் 78 விநாடி. ஒரு பாகையை 3,600-ஆகப் பிரித்ததில் ஒரு பங்குதான் விநாடி. நல்ல கண் 60 விநாடியைப் பிரித்தறியும், கோடும் கோடும் சேர்வதைப் பார்க்கும்போது அதைவிட நுட்பமாகவே பார்க்கும். ஆக 100 மீட்டர் போதாது, கண்ணுக்கே தப்பு தெரியும். 500 மீட்டர் என்றால் 16 விநாடிக்கும் கீழே வந்துவிடும். அதற்கு மேல் எதுவும் சரி.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு சோவியத் கேமராவான ஃபெட்-2 வைத்திருப்பவர்கள் இன்னும் தூரம் போக வேண்டும். அதில் இடைவெளி 67 மி.மீ. ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாருங்கள்.

நான் ஸ்ரீரங்கத்தில் மாடியில் நின்று பார்க்கிறேன். ராஜகோபுரம் கண்ணெதிரே பெரிதாக நிற்பதால் கை தானாக அங்கே போகும். ஆனால் என் மாடிக்கு அது மிகக் கிட்டம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரியும் மலைக்கோட்டைதான் எனக்கு இன்ஃபினிட்டி. பகலில் வெயில் கானல் ஆடும், அதிகாலை நல்லது. இரவில் உச்சியில் எரியும் விளக்கு அதைவிட நல்லது. ஒளிப்புள்ளி இரண்டாகத் தெரிந்தால் உயர விலகலும் பக்க விலகலும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அப்படி ஒன்று இல்லாத ஊரில் செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கு. பிறை நிலாவும் உதவும்.

31 மார்ச்

கிட்டத்துச் சோதனை. சுவரில் தடித்த செங்குத்துக் கோடு ஒன்று வரைந்து, பிலிம் தளத்திலிருந்து ஒரு மீட்டர் அளந்து கேமராவை நிறுத்துங்கள். லென்ஸின் நுனியிலிருந்து அளக்கக்கூடாது. பேட்ச்சில் கோடுகளைச் சேர்த்து, பிறகு கண்ணாடியில் பாருங்கள். இரண்டும் ஒத்தால் வேலை முடிந்தது.

ஒத்துவரவில்லை, ஆனால் இன்ஃபினிட்டியில் ஒத்துவருகிறது என்றால் கையின் நுனியைப் பார்க்க வேண்டும். ஜெர்மன் கேமராவான லைக்காவில் நுனியில் உருளை இருக்கும். ஜோர்க்கி, ஃபெட் இரண்டிலும் உருளை கிடையாது, ஆப்பு வடிவ முனை. அதன் ஸ்க்ரூவைத் தளர்த்தி முனையைச் சற்றே திருப்பினால் கை தள்ளப்படும் அளவு மாறும். மாற்றிய உடனே இன்ஃபினிட்டி கெடும், திரும்பவும் அதைச் சேர்க்க வேண்டும். பொறுமை இல்லாத நாளில் இதைத் தொடாதீர்கள்.

அதற்கு முன் ஒரு எளிய சோதனை. லென்ஸைக் கழற்றி, கையை விரலால் மெதுவாக அழுத்தி விடுங்கள். உடனே துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பலாக வந்தால் பழைய கிரீஸ் இறுகியிருக்கிறது. அப்படி இருக்கும்போது செய்யும் எந்த அளவும் வீண். ஒருமுறை கிட்டத்திலிருந்து தூரத்துக்கும், மறுமுறை தூரத்திலிருந்து கிட்டத்துக்கும் திருப்பிப் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே குறியில் சேர வேண்டும்.

14 ஏப்ரல்

மூன்றாவது நிலைமைக்கு ஒரு நிஜ உதாரணம் வந்திருக்கிறது. ஃபெட்-2 வைத்திருக்கும் ஒருவர், 10 மார்ச் குறிப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடி வைத்துப் பார்த்தாராம். இரண்டும் ஒரே குறியில், இன்ஃபினிட்டிக்குச் சற்று முன்பே சரியாகின்றன. அவர் கேமராவை ஷட்டர் வேலைக்கு ஒரு கடையில் கொடுத்து வாங்கியிருந்தார். மவுன்ட்டைக் கழற்றியபோது அடியில் காகித ஷிம் ஒன்றுகூட இல்லை.

காகிதமா என்று ஆச்சரியப்பட்டிருக்கிறார். ஆமாம், காகிதம்தான். தொழிற்சாலையே அப்படித்தான் வைத்தது. பாடியை வார்த்து, மவுன்ட்டை மாட்டி, அளந்து, 28.8 வரும் வரை காகித வளையங்களைச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் எண்ணிக்கை வேறு. வளையம் எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, ஒரு மூலையில் மட்டும் துண்டு வைத்திருப்பார்கள். அது அலட்சியம் அல்ல, மவுன்ட் பிலிமுக்கு இணையாக நிற்க வைத்தது. மவுன்ட்டைக் கழற்றுபவர்கள் ஒவ்வொரு காகிதமும் எந்தப் பக்கம் இருந்தது என்று போட்டோ எடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

28 ஏப்ரல்

கொஞ்சம் சரித்திரம். முதலில் பிலிம் தூரம், பிறகு ரேஞ்ச்ஃபைண்டர் என்ற இந்த வரிசை நான் கண்டுபிடித்தது அல்ல.

லைக்காவுக்கு 1930-இல் முதன்முதலாகக் கழற்றி மாட்டும் லென்ஸ் வந்தபோது, ஒவ்வொரு லென்ஸும் குறிப்பிட்ட ஒரு பாடிக்கென்றே பொருத்தப்பட்டது. வேறு பாடியில் மாட்டினால் ஃபோகஸ் நிற்காது. 1931-இல்தான் மவுன்ட்டுக்கும் பிலிமுக்கும் இடையிலான தூரத்தை 28.8 என்று நிலைப்படுத்தினார்கள். அப்படிச் செய்த பாடிகளின் மவுன்ட்டில் '0' என்று பொறித்தார்கள். லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் அதற்கும் அடுத்து, 1932-இல் லைக்கா II-இல் வந்தது. தூரம் உறுதியான பிறகே இணைப்பு சாத்தியமாயிற்று. நாம் மேசையில் செய்யும் வேலையின் வரிசையும் அதேதான்.

கார்கிவ் நகரில், அன்டன் மகரென்கோ நடத்திவந்த இளைஞர் கம்யூனில், லைக்கா II-ஐப் பார்த்து ஃபெட் கேமராக்களைச் செய்யத் தொடங்கியது 1934-இல். ஆனால் போருக்கு முந்தைய ஃபெட்களில் 28.8 உறுதியாக இல்லை, ஒவ்வொன்றும் தன் லென்ஸோடு மட்டும் பொருந்தும். பழைய ஃபெட் வாங்கியவர்கள் அதோடு வந்த லென்ஸைப் பிரித்து விற்காதீர்கள் என்று நான் கெஞ்சுவதற்குக் காரணம் இது. மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்கில் ஜோர்க்கி 1948-இல் தொடங்கியது. ஜோர்க்கி-4 1956-இலிருந்து 1973 வரை 17 லட்சத்துக்கும் மேல் வந்தது. இத்தனை எண்ணிக்கை என்பதால்தான் இன்றும் உதிரிக்காக ஒன்றை வாங்கிப் பிரிக்க முடிகிறது.

9 ஜூன்

பேட்ச் மங்கலாக இருக்கிறது, துடைக்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள்.

வெளியே தெரியும் ஜன்னல்களைத் துடைக்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை காட்டன் பட்டில் தொட்டு, பிழிந்து. பாதி மங்கல் அங்கேயே போய்விடும். உள்ளே சாய்வாக நிற்கும் பாதிக்கண்ணாடியைத் தொடாதீர்கள். அதன் மேல் உள்ள பூச்சு ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி, மீதியை ஊடுருவ விடும் மெல்லிய உலோகப் படலம். பழைய கேமராக்களில் அது விரல் பட்டாலே உரியும். ஒரே ஒரு காட்டன் பட் இழுப்பில் பேட்ச் நிரந்தரமாகக் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் புளோயரால் ஊதுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

பூச்சே போய்விட்டது என்றால் புது பாதிக்கண்ணாடி வெட்டி ஒட்டலாம், செய்பவர்கள் இருக்கிறார்கள். கனம் மாறினால் பிம்பமும் மாறும், மொத்தச் சரிசெய்தலையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பிரிக்காமல் ஒரு வழி இருக்கிறது. பெரிய வ்யூஃபைண்டர் ஜன்னலின் வெளிப்பக்கம், பேட்ச் தெரியும் இடத்துக்கு நேராக, கறுப்பு டேப்பில் சின்னச் சதுரம் வெட்டி ஒட்டுங்கள். நேரடிக் காட்சி அந்த இடத்தில் மங்க, இரண்டாம் பிம்பம் பளிச்சென்று எழும். மாலை வெளிச்சத்தில் எனக்கு மிகவும் உதவியது. பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம்.

21 ஜூலை

ஜூப்பிட்டர்-9 (85 மி.மீ., எஃப் 2) ஜோர்க்கி-4-இல் நம்பி எடுக்கலாமா?

எல்லாம் சரியாக இருந்தாலும் அது எல்லைக்கோடு. 1.15 மீட்டரில், எஃப் 2-வில், கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமே சுமார் 2 செ.மீ. 38 மி.மீ. இடைவெளியில் கண்ணின் ஒரு நிமிடக் கோணப் பிழை, அந்தத் தூரத்தில் முன்னும் பின்னும் ஒரு செ.மீ. ஆகிறது. ஆழம் முழுவதையும் கண்ணே தின்றுவிடுகிறது, இயந்திரப் பிழைக்கு இடமே இல்லை. எஃப் 4-க்கு மூடினால் மூச்சு விடலாம். ஃபெட்-2-இன் 67 மி.மீ. இதே வேலைக்கு நல்ல துணை. எனக்கு 85 மாட்ட வேண்டுமென்றால் ஃபெட்டைத்தான் எடுப்பேன், ஜோர்க்கியின் வ்யூஃபைண்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

50 மி.மீ.-இல் இந்தக் கவலை இல்லை. ஒரு மீட்டரில் எஃப் 2-வில் நாலரை செ.மீ. ஆழம் கிடைக்கிறது, கண்ணின் பிழை முன்னும் பின்னும் ஒரு செ.மீ.-க்கும் கீழே.

22 ஜூலை

மேலே சொன்னது கண்ணைப் பற்றிய கணக்கு. மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் ஜோர்க்கி-4-இல் ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் (ரிவைண்ட்) குமிழுக்கு அடியில் இருக்கும் சின்ன நெம்புகோலை முதலில் பாருங்கள். அது ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸின்) பவர் சரிசெய்வது. அது தவறான இடத்தில் இருந்தால் பேட்ச்சின் கோடே மங்கலாகத் தெரியும், எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் திருப்தி வராது. தூரத்துக் கோபுரத்தைப் பார்த்து அதை வைத்துவிட்டு, பிறகு ரேஞ்ச்ஃபைண்டருக்கு வாருங்கள்.

3 நவம்பர்

லைக்கா எம்3 வைத்திருக்கும் ஒருவர், அடாப்டர் போட்டு ஜூப்பிட்டர்-8 மாட்டுகிறார். இன்ஃபினிட்டி நூற்றுக்கு நூறு, ஆனால் கிட்டத்தில் கண்ணுக்குப் பின்னால் போகிறது. ஷிம் போயிருக்குமா என்று கேட்கிறார்.

கண்ணாடி வைத்துப் பார்த்ததில் இன்ஃபினிட்டி கூர்மை என்கிறார், எனவே ஷிம் இல்லை. இது வேறு விஷயம். லைக்காவின் கை 51.6 மி.மீ. லென்ஸுக்கான நகர்வை எதிர்பார்க்கிறது. ஜூப்பிட்டர்-8, கான்டாக்ஸ் என்ற வேறொரு ஜெர்மன் கேமராவுக்கென்று வந்த ஜைஸ் சோனார் லென்ஸின் வழி, அதன் கணக்கு 52.4. ஒரு மீட்டருக்கு முன்னது 2.81 மி.மீ. நீள வேண்டும், பின்னது 2.90. அந்தச் சின்ன வித்தியாசத்தால் லைக்காவில் ஒரு மீட்டரில் சேர்த்தால் ஃபோகஸ் சுமார் 1.03 மீட்டரில் விழும். அந்தத் தூரத்தில் எஃப் 2-வின் ஆழத்தைத் தாண்டிவிடுகிறது, எஃப் 4-இல் அடங்கிவிடும்.

உங்கள் எம்3-இன் உருளையைத் தொடாதீர்கள், அது தன் லென்ஸ்களோடு சரியாக இருக்கிறது. இரண்டு வழி இருக்கிறது. முகம் எடுப்பதே முக்கியம் என்றால், ஜூப்பிட்டரின் உள் ஷிம்மைச் சற்றுக் கூட்டிக் கிட்டத்தில் ஒத்துவரச் செய்யலாம். தூரத்தில் கொஞ்சம் கூர்மை குறையும், அங்கே எஃப் 5.6-க்கு மூடிக்கொள்ள வேண்டியிருக்கும். மற்றது, ஜூப்பிட்டரை ஜோர்க்கி உடம்பிலேயே விடுவது. நான் இரண்டாவதைத்தான் செய்தேன். ஷிம் கூட்டுவது என்று முடிவெடுத்தால் இப்போதிருக்கும் கனத்தை அளந்து எழுதி லென்ஸ் டப்பாவிலேயே போட்டுவையுங்கள், அடுத்து வாங்குபவருக்குத் தேவைப்படும். எத்தனை மி.மீ. சேர்த்தீர்கள், எந்தத் தூரத்தில் ஒத்துவந்தது என்று இங்கேயும் எழுதுங்கள்.